அரசாங்கம் விருந்தாளியாக வந்த காலை

அரசாங்கம் வீட்டுக்கு வருகிறதென்றால் அதை விருந்தாளியாகவே வரவேற்க வேண்டும் என்று எங்கள் குடும்பம் நம்பியது. வறுமையைக் கணக்கெடுக்க வரும் அதிகாரியானாலும் வருபவர் வருபவர்தான். அவர் உட்கார நல்ல இருக்கை வேண்டும். முகத்துக்குக் காற்று வேண்டும். உதடு பதிக்கும் கோப்பையில் விரிசல் இருக்கலாகாது. இவ்வளவையும் செய்துவிட்டு நம் குறையைச் சொன்னால் அவர் மனமிரங்கிக் கேட்பார் என்பது அம்மாவின் எண்ணம். வெறுந்தரையைக் காட்டிக் கேட்டால் அது பிச்சை; உபசரித்துவிட்டுக் கேட்டால் அது உரிமை. அம்மா மனத்தில் இவை இரண்டும் தனித்தனியே இருந்தன. அந்தப் பிரிப்பு தவறென்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

நாங்கள் அப்போது ஈப்போவை அடுத்த ஜெலாப்பாங்கிலிருந்து அரைமணி நேரப் பயணத் தொலைவில், பழைய ரப்பர்த் தோட்டமொன்றின் கடைசி லயத்தில் இருந்தோம். ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக எட்டு வீடுகள். ரப்பர் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்து, செம்பனை நின்ற நிலம் ஒரு வீடமைப்பு நிறுவனத்துக்கு விலைபோய், அந்த நிறுவனமும் ஒரு விளம்பரப் பலகையை நட்டுவிட்டு வேறெங்கோ போய்விட்ட காலம் அது. பலகையில் வெள்ளை வெளேரென்ற மாடி வீடுகளும், நாய்க்குட்டியோடு நடக்கும் ஒரு குடும்பமும் இருந்தன. காலையில் சுண்ணாம்புக் குன்றுகளிலிருந்து பனி இறங்கும்போது முதலில் எங்கள் கூரை மறையும். பிறகு மரங்கள் மறையும். பலகையில் இருந்த அந்தக் குடும்பம் மட்டும் சற்று நேரம் காற்றில் நடந்துகொண்டிருப்பதுபோல் தெரியும். அந்த வருடங்களை நினைக்கும்போது எனக்குள் முதலில் வருவது அந்தப் பனிதான். அதற்குள்ளிருந்துதான் மனிதர்கள் ஒவ்வொருவராக வெளியே வருகிறார்கள்.

அம்மா ஜெலாப்பாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். விடியுமுன் வேன் வந்து அழைத்துப் போகும். அப்பா இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு மட்டும் வருவேன். வீட்டின் பின்னறையில் அத்தை இருந்தார். அப்பாவின் தங்கை. திருமணமாகிப் போன இரண்டாம் ஆண்டே ஒரு தகரப் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பியவர். அதற்குப் பிறகு ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். பால் வெட்டு நின்றபின் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் பாத்திரம் கழுவினார். முழங்கால் இரண்டும் ஓய்ந்தபின் எங்கள் வீட்டைக் கவனித்துக்கொண்டார். அண்ணன் போன பிறகு அது அண்ணியின் வீடாயிற்று. அம்மா ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. ஆனால் அத்தை சமையலறையில் ஒரு டப்பாவை இடம் மாற்றி வைப்பதற்குக்கூட, "அண்ணி, இத இங்க வைக்கவா?" என்று கேட்பார். முப்பத்தைந்து ஆண்டுகளாக அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வறுமை ஒழிப்புத் திட்டத்தைப் பற்றிய துண்டறிக்கையை, கிளினிக்கிலிருந்து பக்கத்து வீட்டு அக்காதான் கொண்டுவந்தார். மலாயில் இருந்ததை நான் தமிழில் படித்துச் சொன்னேன். பிறந்த குழந்தை முதல் முதியவர் வரை எந்த வயதினரும் வறுமையில் விடப்படமாட்டார்கள் என்றும், சமூகத்திலிருந்து ஒதுங்கி நிற்க நேர்ந்தவர்களை ஒவ்வொருவராகக் கண்டுபிடித்துச் சேர்ப்பதே இலக்கு என்றும் அதில் இருந்தது. கணக்கெடுப்பில் வறிய வீடு என்று பதிவானால், குறைந்த வாடகையில் ஜெலாப்பாங் பக்கம் அடுக்குமாடி வீடு கிடைக்கும். அப்படிப் பதிவான வீட்டில் ஒண்டியிருக்கும் தனிப் பெண் எவராவது இருந்தால், அவர் பெயரிலேயே ஓரறை வீடொன்று கேட்கலாம்.

அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறம் நின்றது.

"எந்த வயசுன்னாலுமா?"

"ஆமா அத்தை."

"அம்பத்தேழு?"

"கொழந்தைக்கும் கெழவிக்கும் நடுவுலதான லா அம்பத்தேழு இருக்கு," என்றார் அம்மா. "ஒன்ன எப்படி விட்டுருவாங்க?"

அத்தை சிரிக்கவில்லை. "எம் பேர்லயே கதவு இருக்குமா? சாவி?" என்று என்னிடம் கேட்டார். இருக்கும் என்றேன். மாலையில், துவைத்த துணியை மடித்தபடி, "எங் கதவத் தட்டிட்டுத்தான் வரணும், தெரிஞ்சுக்கோ," என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படியாக.

அதிகாரி வியாழக்கிழமை பத்து மணிக்கு வருவதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு அடுத்த வாரம்தான் முறை. அந்த அக்காவின் கணவர் லாரி விபத்தில் போய்விட்டார். அக்கா தொழிற்சாலை வாசலில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் விற்று வாழ்ந்தார். பிறந்ததிலிருந்து நடக்க முடியாத பன்னிரண்டு வயது மகள் ஒருத்தி. இரண்டு வீட்டிலும் வறுமை ஒரே அளவுதான்; ஆனால் அக்காவிடம் கல்யாணத்துக்கு வாங்கிய இரண்டு பேர் உட்காரும் சோபா ஒன்று பளபளப்பு மாறாமல் இருந்தது. அதோடு ஒரு நின்றாடும் காற்றாடி, ஒரு தொலைக்காட்சி, பூப்போட்ட ஆறு கோப்பைகள். அந்த வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து அவை எல்லாம் எங்கள் வீட்டுக்கு நகரத் தொடங்கின. கேட்பதற்கு முன்பே கொடுத்தார். எங்கள் லயத்தில் பெண் பார்க்க வந்தாலும் துக்கம் கேட்க வந்தாலும் அப்படித்தான். எட்டு வீட்டின் சாமான்களும் அன்றைக்கு எந்த வீட்டுக்கு ஆள் வருகிறதோ அந்த வீட்டுக்குச் சொந்தம்.

"மெதுவா லா அக்கா, கால் ஒடஞ்சிரும்!" என்று பக்கத்து அக்கா கத்தினார்.

"யாரு காலு? எங் காலா, சோபா காலா?" என்று அம்மா மூச்சு வாங்கினார்.

"சோபா கால்தான். ஒங்க கால் ஒடஞ்சா வெல்பேர்ல வேற குடுப்பாங்க."

வாசலில் சக்கர நாற்காலியில் இருந்தபடி சிறுமி மேற்பார்வை செய்தாள். "பெரியம்மா, என்னையும் தூக்கிட்டுப் போங்க லா. நல்ல நாற்காலி. சக்கரம்கூட இருக்கு."

"ஒன்னக் கொண்டாந்து வச்சா வாய மூடமாட்ட," என்றார் அத்தை. "அரசாங்கம் பயந்து ஓடிப்போயிரும்."

பக்கத்து அக்காவின் கவரிங் வளையல் இரண்டை அம்மா அத்தையின் கையில் போட்டுவிட்டார். வருபவர்முன் பெண்ணின் கை வெறுமையாக இருந்தால் வந்தவருக்கு என்ன மரியாதை என்பது அவர் கேள்வி. நானும் என் பங்குக்குப் பல்கலைக்கழகப் புத்தகங்களைத் தொலைக்காட்சியின் அருகே முதுகு தெரிய அடுக்கினேன். அவற்றுள் இரண்டு வறுமையைப் பற்றியவை. அந்தக் காலையில் அதில் எதுவும் எனக்கு விநோதமாகத் தோன்றவில்லை. பனி விலகி, கழுவிய சிமெண்டுத் தரையில் வெயில் சதுரமாக விழுந்திருந்தது. அந்தக் கூடம் யாரோ ஒருவர் எங்களைப் பற்றிக் கண்ட நல்ல கனவு போலிருந்தது.

வந்தவர் இளம் மலாய்ப் பெண். பாரிட் புந்தாரில் வயலோரத்தில் பிறந்து வளர்ந்ததாகச் சொன்னார். சோபாவின் நுனியில் உட்கார்ந்து, தேநீரை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். அவர் கடுகடுப்பானவராக இருந்திருந்தால் எங்களுக்கு நல்லதாகப் போயிருக்கும். அத்தனை இனிமையான விருந்தாளியிடம் இல்லாமையைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

"மக்சிக், சாப்பாட்டுக்குக் குறை உண்டா?" என்று, மலாயில் பெரியவர்களை அழைக்கும் முறையில், அத்தையைக் கேட்டார்.

அத்தை தோட்டத்து மலாயில், "குறையில்லை, நிறைய இருக்கு," என்றார். வந்தவரிடம் சோறில்லை என்று சொன்னால், அவர் சாப்பிடாமல் எழுந்துவிடுவாரே என்ற பழக்கத்தில் வந்த பதில் அது. முறுக்குத் தட்டை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

அதிகாரி கூடத்தை மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். கையிலிருந்த பலகைக் கணினியில் எதையோ தொட்டுத் தொட்டுப் போனார். பிறகு, வீட்டில் மலாய் நன்றாகத் தெரிந்தவள் என்று என்னைப் பார்த்து, "இவையெல்லாம் இந்த வீட்டுடையவைதானே?" என்று கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தார். அத்தை வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வறுமைக் கோடு என்றால் என்ன, அதை எப்படி வரைகிறார்கள், யார் அதற்கு மேலே தவறி விழுகிறார்கள் என்பதையெல்லாம் தேர்வுக்கு எழுதியவள் நான். ஆனால் இல்லை என்று சொன்னால், விருந்தாளியின் முன் அம்மாவின் முகம் என்ன ஆகும் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. "ஆமாம்," என்றேன், பிழையற்ற மலாயில்.

அவர் நன்றி சொல்லி எழுந்தார். வெளியே வந்ததும், பட்டியலில் அடுத்த பெயரும் இதே வரிசையில்தானே இருக்கிறது, இன்னொரு முறை இந்தச் செம்மண் பாதையில் ஏன் வரவேண்டும் என்று தமக்குள் சொல்லிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குள் நுழைந்துவிட்டார்.

அங்கே ஒன்றும் இல்லை. சோபா நின்ற இடத்தில் தரை மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. பக்கத்து அக்கா பழைய கைலியோடு பாயில் உட்கார்ந்து நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தார். கோப்பைகளும் எங்கள் வீட்டில் இருந்ததால் அதிகாரிக்குத் தகரக் குவளையில் தண்ணீர் கொடுத்தார். அதிகாரி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சிறுமியோடு நெடுநேரம் பேசி, நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு போனார்.

அவர் கார் மறைந்ததும் பக்கத்து அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து, தம்முடைய சோபாவிலேயே உட்கார்ந்து அழுதார். "ஒரு நாற்காலிகூட இல்லாம அரசாங்கத்தத் தரையில ஒக்கார வச்சிட்டேனே அக்கா! என்னா நெனச்சிருக்கும் அந்தப் பொண்ணு? மலு லா, வெக்கமா இருக்கு."

"நீ அழாத. நாங்க ஒழுங்கா கவனிச்சு அனுப்பிட்டோம்ல. நம்ம லயத்துக்கு நல்ல பேருதான்," என்று அம்மா அவரைத் தேற்றினார்.

கடிதங்கள் இரண்டு மாதம் கழித்து ஒரே நாளில் வந்தன. எங்கள் வீடு வறிய வீடுகளின் வரையறைக்குள் வரவில்லை. பக்கத்து வீடு மிக வறியது எனப் பதிவாகி, அடுக்குமாடியில் கீழ்த்தளத்தில் ஒரு வீடும், சிறுமிக்கு ஈப்போவில் சிறப்பு வகுப்பில் இடமும் பரிந்துரைக்கப்பட்டிருந்தன. நான் இரண்டையும் படித்துச் சொன்னேன். முதலில் சிரித்தவள் சிறுமிதான். பிறகு அம்மா சிரித்தார். அத்தை கடிதங்களை என் கையிலிருந்து வாங்கி, தமக்குப் படிக்கத் தெரியாத அந்தத் தாள்களைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, எங்கள் கடிதம் எது அவர்கள் கடிதம் எது என்று கேட்டுப் பிரித்து வைத்தார்.

மேல்முறையீடு செய்யலாம் என்று கடிதத்தின் அடியில் இருந்தது. மழை பெய்த ஒரு பிற்பகலில் நான் விண்ணப்பப் பாரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கூரையில் மழை விழும் ஓசையில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே தூரத்திலிருந்து வருவதுபோல் கேட்டது. முதல் கணக்கெடுப்பில் ஏற்பட்ட தவறு என்ன என்று பாரம் கேட்டது. அன்று இருந்த தளவாடங்கள் பக்கத்து வீட்டிலிருந்து இரவலாகக் கொண்டுவந்தவை என்று எழுதினேன். அதுதான் உண்மை. அதைத் தவிர எழுதுவதற்கு வேறு காரணமும் இல்லை.

"படி," என்றார் அத்தை.

தமிழில் சொன்னேன். அவர் கை தாளின்மேல் வந்து அந்த வரியை மறைத்தது.

"இத எடுத்துரு."

"எடுத்தா ஒண்ணுமே இல்ல அத்தை. இதுதான் காரணம்."

"இரவல் வாங்குனோம்னு எழுதுனா, யார்கிட்ட வாங்குனீங்கன்னு கேப்பாங்கள்ல? அவ வீட்டுக்குத் திரும்ப வருவாங்க. சோபா இப்ப அங்கதான் கெடக்கு."

பக்கத்து அக்காவும் அங்கேயே இருந்தார். "எழுதட்டும் சின்னக்கா," என்றார். "நானே போயி சொல்றேன். நாற்காலி இருந்தா நான் பணக்காரியா? பாத்தா பாத்துட்டுப் போவட்டும். ஒங்களுக்கு வரவேண்டியது எனக்கு வந்திருக்கு, எனக்குத் தூக்கம் வரல."

"ஒனக்கு வரவேண்டியது ஒனக்கு வந்திருக்கு. வாய மூடு."

"அவங்க ரெண்டு வீட்டுக்குமே குடுத்தாலும் குடுப்பாங்க லா," என்றார் அம்மா.

"குடுக்காமப் போனா? புள்ள இந்தச் செம்மண்ணுல சக்கரத்த எப்படி உருட்டும் அண்ணி? மழை பேஞ்சா ஒரு வாரம் வாசலத் தாண்டல அது."

சிறுமி அப்போது அங்கே இல்லை. நல்ல வேளை என்று நினைத்துக்கொண்டேன். அத்தை என் பக்கம் திரும்பினார். அவர் குரலில் கெஞ்சலோ தியாகத்தின் பெருமிதமோ இல்லை. டப்பாவை எங்கே வைப்பது என்று கேட்கும் அதே குரல்தான். ஆனால் இந்த முறை அவர் கேட்கவில்லை.

"எம் முட்டி வலிய எழுது. பால் வெட்டுனத எழுது. அது போதும்."

நான் எழுதினேன். வாழ்நாள் உழைப்பையும் இரண்டு முழங்கால்களையும் பற்றி எழுதப்பட்ட அந்த மேல்முறையீட்டுக்கு, முந்தைய முடிவில் மாற்றமில்லை என்ற பதில் வந்தது. அந்தப் பதிலில் அநீதி என்று சுட்டிக்காட்ட எனக்கு ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. எங்கள் வாயால் சொன்னதைத்தான் அவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். என் வாயால் சொன்னதை.

பக்கத்து அக்கா குடிபோன நாளில் அத்தைதான் அதிகம் வேலை செய்தார். கோப்பைகளை ஒவ்வொன்றாகப் பழைய துணியில் சுற்றினார். லாரி புறப்படும்போது பக்கத்து அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "என்கூட வந்திருங்க சின்னக்கா. ஒங்களுக்கு ஒரு ரூம் தர்றேன்," என்றார்.

"ரூமுதான் இங்கயே இருக்கே," என்றார் அத்தை.

அதன் பிறகான ஆண்டுகள் என் நினைவில் தனித்தனியாக இல்லை. ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்த மென்துணிபோல் இருக்கின்றன. லயத்தில் ஒவ்வொரு வீடாக விளக்கு அணைந்தது. சிலருக்கு அடுக்குமாடி கிடைத்தது. சிலர் பீடோர் பக்கம் தோட்ட வேலைக்குப் போனார்கள். சிலர் பிள்ளைகளோடு போனார்கள். எனக்கு ஈப்போவில் வேலை கிடைத்தது. அம்மா தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றதும் என்னோடு வந்துவிட்டார். அத்தையையும் கூப்பிட்டேன். தெருவோர அறை ஒன்று இருக்கிறது, சன்னலைத் திறந்தால் குன்று தெரியும் என்றெல்லாம் சொன்னேன்.

"அது ஒன் வீடும்மா," என்றார். "அண்ணன் வீட்டுல இருந்தாச்சு, அண்ணி வீட்டுல இருந்தாச்சு. மருமக வீட்டுலயும் வந்து, இத இங்க வைக்கவான்னு கேக்கச் சொல்றியா?"

அவருக்கு அறுபது நிறைந்தபோது முதியவர் என்ற வகையில் மறுபடி விண்ணப்பித்தோம். அந்த முகவரியில் குடியிருப்பு எதுவும் இப்போது பதிவில் இல்லை என்று பதில் வந்தது. தோட்டம் கலைந்தபோது லயத்தின் எண்களும் கலைந்திருந்தன. முகவரி மாற்றத்துக்கான பாரங்களை நிரப்பினேன், இன்னும் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். அலுவலகத்தில் ஒரு முகப்பில் கேட்டால் வேறொரு முகப்பைக் காட்டுகிறார்கள். எல்லாரும் கனிவாகவே காட்டுகிறார்கள். நான் பொறுமையாக வரிசையில் நிற்கிறேன்; கைப்பையில் எப்போதும் படிக்க ஏதேனும் இருக்கும்.

அண்மையில் ஒரு காலை நாளிதழில், எங்கள் வட்டாரத்தில் மிக வறிய வீடுகள் என்று பட்டியலில் இருந்தவை அனைத்தும் கரையேற்றப்பட்டுவிட்டன, இலக்கு ஏறத்தாழ எட்டப்பட்டது என்று செய்தி வந்திருந்தது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அது பொய்யான செய்தியும் அல்ல. அந்தச் சிறுமி இப்போது வளர்ந்த பெண். ஜெலாப்பாங்கில் ஓர் அலுவலகத்தில் கணக்கியல் பிரிவில் வேலை செய்கிறாள். வழுவழுப்பான நடைபாதையில் தன் சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறாள். போன தீபாவளிக்கு என்னைப் பார்த்ததும், "அக்கா, அன்னைக்கு என்னையும் ஒங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருந்தா இன்னேரம் ஒங்க வீட்டு நாற்காலியாத்தான் இருந்திருப்பேன்," என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் செய்தியில் எண்ணப்பட்டவர்களில் அவளும் ஒருத்தி. அவளை எண்ணியதற்காக நான் அந்தச் செய்திக்கு நன்றியுடையவள்.

"எல்லாரையும் சேத்துட்டாங்களா?" என்று அம்மா கேட்டார்.

பட்டியலில் இருந்த எல்லாரையும், என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தையைப் பார்க்கப் போகிறேன். செம்மண் பாதையில் புல் வளர்ந்து, காரை முன்னைவிடத் தூரத்திலேயே நிறுத்த வேண்டியிருக்கிறது. மின்சாரம் இன்னும் வருகிறது. குழாயில் தண்ணீர் காலையில் மட்டும். அவர் பின்னறையிலிருந்து கூடத்துக்கு வந்துவிட்டார். டப்பாக்களை எல்லாம் தம் விருப்பம்போல் இடம் மாற்றி வைத்திருக்கிறார். சில வாரங்களில், மாற்றுவதற்காகவே மாற்றியதுபோலும் தெரியும். நான் போனால் அரிசி, மருந்து, பழம் எதையும் எங்கே வைக்கட்டும் என்று கேட்டுத்தான் வைக்கிறேன். அவர் யோசித்து இடம் சொல்கிறார். பிறகு இருவரும் வாசலில் உட்கார்ந்து, குன்றுகளின்மேல் மேகம் நகர்வதைப் பார்த்துக்கொண்டு, அதிகம் பேசாமல் தேநீர் குடிக்கிறோம்.

வரிசையின் எட்டு வீடுகளில் ஏழு பூட்டிக் கிடக்கின்றன. ஐந்தாவது வீட்டில் அத்தை இருக்கிறார்.